மண்பாதைக்கு முதல் பைக்: வாங்கும் முன் யோசிக்க வேண்டிய வரிசை

டர்ட் பைக் வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எத்தனை சிசி எடுக்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்விக்கு இந்தக் கட்டுரையின் பிற்பகுதியில்தான் வருவோம். கரட்டு மேட்டில் வண்டி சாய்ந்து கிடக்கிறது, கூட யாரும் இல்லை. தனி ஆளாக அதைத் தூக்கி நிறுத்த முடியுமா? சரிவில் நின்றால் கால் தரையில் படுமா? அந்த இடத்தில் வண்டி ஓட்ட உங்களுக்கு அனுமதி உண்டா? கிளட்ச் கேபிள் அறுந்தால் பக்கத்து டவுனில் கிடைக்குமா? புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த நாலு கேள்விகள்தான் முதலில். நாலுக்கும் "ஆமாம்" என்று பதில் வரும் பைக், பவர் குறைவாக இருந்தாலும், உங்களை ஓட்டுநர் ஆக்கும்.

ரோட்டில் நன்றாக பைக் ஓட்டத் தெரியும், மண்ணில் பழக்கம் இல்லை, தமிழ்நாட்டிலோ பக்கத்து மாநிலத்திலோ இருக்கிறார் என்று ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன். பந்தயத்தில் இறங்க நினைப்பவருக்கு வேறு கணக்கு.

1. பைக்குக்கு முன்னால் பாதையைப் பாருங்கள்

வார இறுதியில் நிஜமாகவே எங்கே ஓட்டப் போகிறீர்கள்? வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் மண்ணைத்தான் ஆண்டு முழுக்க ஓட்டுவீர்கள். லடாக் போவது எப்போதோ ஒரு முறை.

மண்ணுக்கு மண் வண்டியின் வேலை மாறுகிறது. வட மாவட்டங்களிலும் கொங்குப் பகுதியிலும் இருக்கும் செம்மண் அடியில் கெட்டியாகவும் மேலே உருளும் சரளையாகவும் இருக்கும்; முன்சக்கரம் சறுக்குவதுதான் அங்கே பிரச்சினை. கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் காய்ந்திருந்தால் ரோடு மாதிரி போகலாம், ஒரு மழை பெய்தால் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றி மட்கார்டுக்கு அடியில் அடைத்து வண்டியை நிறுத்திவிடும். டர்ட் பைக்கின் முன் மட்கார்டு டயரை விட்டு எட்டி உயரத்தில் இருப்பது இதற்காகத்தான். ஆற்று மணலிலும் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மண்ணிலும் எடைதான் எதிரி. கனமான வண்டி புதையும். மலையடிவாரத்து உருண்டைக் கல் பாதையில் சஸ்பென்ஷனும், எஞ்சினுக்கு அடியில் கவசமாக இருக்கும் அடித்தட்டும் சோதிக்கப்படும்.

அடுத்தது அனுமதி. இதை ஒரு வரியில் கடந்து போக எனக்கு மனமில்லை. மலைப் பக்கம் அழகாகத் தெரியும் பாதைகளில் பெரும்பகுதி காப்புக்காட்டுக்குள் போகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் வண்டியோடு நுழைவது குற்றம். சரணாலயமாக இருந்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். கேட் இல்லை, பலகை இல்லை என்பது சாக்கு ஆகாது. வனத்துறை எல்லைக் கற்களை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் நேரில் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் தரிசு நிலத்தில் ஓட்ட விடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏரிக்கரை, கண்மாய்க்கரை மேல் மட்டும் வேண்டாம். பட்டன் டயர் (ரப்பர்க் கட்டிகள் துருத்தி நிற்கும் மண் டயர்) புல்லைப் பிய்த்துக் கரையில் தடம் போட்டால், அடுத்த மழைக்குத் தண்ணீர் அந்தத் தடம் வழியாகத்தான் கரையை அரிக்கத் தொடங்கும். ஊர்க்காரர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆக, எழுதி வையுங்கள்: எந்த மண், எவ்வளவு தொலைவு ரோட்டில் போய் அந்த மண்ணை அடைவீர்கள், அங்கே ஓட்ட யார் அனுமதி தர வேண்டும்.

2. வகையைத் தேர்ந்தெடுங்கள்

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். உள்ளே வேறு வேறு.

மோட்டோகிராஸ் பைக்குகள் மூடிய டிராக்கில் தாவுவதற்கானவை. கவாசாகி கேஎக்ஸ்250 போன்றவை 110 கிலோவுக்குள்தான் இருக்கும், 300 மி.மீ. அளவுக்கு சஸ்பென்ஷன் அசைவு (சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம்) இருக்கும். ஆனால் ஹெட்லைட் இல்லை, நம்பர் பிளேட் இல்லை, டேங்க் சின்னது, சஸ்பென்ஷன் மெதுவாகப் போகிறவருக்கு விறைப்பு. சர்வீஸை கிலோமீட்டரில் கணக்கிடுவதில்லை. எஞ்சின் ஓடிய மணி நேரத்தில் கணக்கிட்டு பிஸ்டன் வரை மாற்ற வேண்டும். பதிவு செய்ய முடியாத வண்டி என்பதால் உங்கள் தெரு முனை வரைகூட ஓட்ட முடியாது, குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். சொந்தமாகத் தோட்டமோ டிராக்கில் உறுப்பினராகச் சேர வசதியோ இருந்தால் ஒழிய, முதல் பைக்காக இதை வாங்காதீர்கள்.

எண்டூரோ பைக்குகள் அதே குடும்பம், ஆனால் காட்டுப் பாதைக்கானவை. கியர் இடைவெளி அகலம், பின்சக்கரம் 19 அங்குலத்துக்குப் பதில் 18, அதனால் டயரின் பக்கச்சுவர் உயரமாகிக் கல்லின் அடியை வாங்கிக்கொள்ளும். உலகமெங்கும் ட்ரெயில் (காட்டு, மலை ஒற்றையடிப் பாதை) ஓட்டத்தின் உச்சம் இதுதான். இங்கே இறக்குமதி விலையும் பதிவுச் சிக்கலும் புதியவரைத் தடுத்துவிடும்.

டூயல் ஸ்போர்ட் எனப்படும் வகைதான் நமக்கு. நம்பர் பிளேட், இண்டிகேட்டர், ஏபிஎஸ் எல்லாம் உண்டு; வீட்டிலிருந்து ஓட்டிப் போய், மண்ணில் இறங்கி, திரும்ப ஓட்டி வரலாம். 2011இல் வந்த ஹீரோ இம்பல்ஸ் இந்த வழியைத் தொடங்கியது; 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 சாதாரண சம்பளக்காரர் கைக்கு அதைக் கொண்டு வந்தது.

அட்வென்ச்சர் பைக் நான்காவது வகை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 நல்ல வண்டி, நீண்ட பயணத்துக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் 196 கிலோ. நூற்றுக்கு எண்பது பங்கு ரோடு, இருபது பங்கு மண்சாலை என்று இருந்தால் எடுங்கள். ஒற்றையடிப் பாதை கற்றுக்கொள்ள அது கனம்.

3. எடையும் உயரமும்: இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

மண்ணில் ஓட்டினால் விழுவீர்கள். வேகமாக அல்ல, பெரும்பாலும் நின்ற இடத்தில், திரும்பும்போது, ஏற்றத்தில் எஞ்சின் அணைந்த கணத்தில். ஒரு காலைப் பொழுதில் நாலைந்து முறை வண்டியைத் தூக்க வேண்டியிருக்கலாம். முதல் முறை சுலபம். நாலாவது முறை வெயிலில், கை நடுங்க, கையுறைக்குள் வியர்வையோடு தூக்கும்போதுதான் இருபது கிலோ வித்தியாசம் என்ன என்று தெரியும். களைத்தவர்தான் அடுத்த விழுதலில் அடிபடுவார். எடை பற்றி நான் இவ்வளவு பேசக் காரணம் அதுதான்.

அதனால் வாங்கும் முன் ஒரு சோதனை. நண்பருடைய வண்டியோ, விற்கிறவரின் சம்மதத்தோடு அவர் வண்டியோ கிடைத்தால், புல்தரையில் மெதுவாகப் படுக்க வைத்துத் தூக்கிப் பாருங்கள். முறை இது: எஞ்சினை அணையுங்கள். கியரில் போடுங்கள், அப்போதுதான் உருளாது. வலப்பக்கம் சாய்ந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்து வையுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஹேண்டிலைத் தரைப் பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்துங்கள். ஒரு கை ஹேண்டிலின் தாழ்ந்த முனையில், மறு கை பின்னால் இருக்கும் கிராப் ரெயிலில். முதுகு நேராக இருக்கட்டும். சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடந்து, தொடை பலத்தில் எழுப்புங்கள். சரிவில் விழுந்திருந்தால் முதலில் இழுத்துத் திருப்பி, சக்கரங்கள் பள்ளத்தைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு மேட்டுப் பக்கமிருந்து தூக்குங்கள்.

இதை இடைவெளி விட்டு மூன்று முறை செய்ய முடிந்தால் அந்த எடை உங்களுக்குச் சரி. ஒரு முறைக்கே மூச்சு வாங்கினால், எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எண்களாகச் சொன்னால்: எக்ஸ்பல்ஸ் 200 4வி (நாலு வால்வு எஞ்சின் உள்ள மாடல்) ஏறக்குறைய 160 கிலோ, கவாசாகி கேஎல்எக்ஸ்230 ஏறக்குறைய 140 கிலோ, கேடிஎம் 390 எண்டூரோ ஆர் பெட்ரோலோடு 170க்கு மேல். என் கணிப்பில் புதியவர் 160ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

உயரத்துக்கு வருவோம். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தொடை இடுக்கில் ஒரு புத்தகத்தை இறுக்கமாக வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்து பாருங்கள். அதுதான் உங்கள் கால் நீளம். 77 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்பல்ஸ் 200 சீட் உயரம் 825 மி.மீ.; நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் மூன்று நாலு செ.மீ. அமுங்கும், பூட்ஸ் இரண்டு செ.மீ. கொடுக்கும், ஆனால் சீட்டின் அகலம் கொஞ்சம் திருடிக்கொள்ளும். இரண்டு காலின் முன்பாதமும் தரையில் படும். போதும். கேஎல்எக்ஸ்230இன் சீட் 880 மி.மீ. பக்கம், எடை குறைவென்றாலும் அதே ஆளுக்கு விரல் நுனிதான் எட்டும். எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோ 891 மி.மீ. உயரமானவர்களுக்கும் அனுபவசாலிகளுக்கும் அது அருமை, மற்றவர்களுக்கு முதல் மாதமே கசந்துவிடும்.

ஷோரூமின் டைல்ஸ் தரையில் கால் எட்டுவதை நம்பிவிடாதீர்கள். பாதையில் நீங்கள் கால் ஊன்றும் இடத்தில் பள்ளம் இருக்கும். சீட்டிலிருந்து ஒரு பக்கம் நகர்ந்து ஒரே காலை முழுசாக ஊன்றி நிற்கப் பழகுங்கள். அது முடிந்தால் இரண்டு மூன்று செ.மீ. உயரம் ஒரு தடையே இல்லை. உயரத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் சீட் ஃபோமைச் செதுக்குங்கள். பின் சஸ்பென்ஷனின் லிங்க் மாற்றி வண்டியைத் தாழ்த்தினால் தரை இடைவெளியும் சேர்ந்து குறையும். எதற்காக இந்த வண்டியை எடுத்தீர்களோ அதுவே போய்விடும்.

4. சக்கரம், சஸ்பென்ஷன், பிரேக்

முன்னால் 21 அங்குல ஸ்போக் சக்கரம், பின்னால் 18. இது இரண்டும் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். பெரிய முன்சக்கரம் கல்லில் மோதாமல் ஏறிப் போகும். ஸ்போக் ரிம் அடிபட்டால் வளையும், அலாய் உடையும். 17 அல்லது 19 அங்குல அலாய் சக்கரத்தோடு "அட்வென்ச்சர்" என்று ஸ்டிக்கர் ஒட்டி வரும் வண்டிகள் மண்சாலைக்குச் சரி, ட்ரெயிலுக்கு இல்லை.

சஸ்பென்ஷன் அசைவு முன்னால் 190, பின்னால் 170 மி.மீ. (எக்ஸ்பல்ஸ் 200இன் அளவு இது) இருந்தால் கற்றுக்கொள்ளத் தாராளம். தரை இடைவெளி 220 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். அளவைவிட முக்கியம், ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்துகிறதா என்பது. 55 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே ஸ்பிரிங் ஒத்து வராது. அதை அளந்து பார்க்கும் முறையைக் கடைசியில் சொல்கிறேன்.

பிரேக்கில் ஒரே கேள்வி: பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க முடியுமா? சரளைச் சரிவில் இறங்கும்போது பின் ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். எக்ஸ்பல்ஸ் 200இல் பின்னால் ஏபிஎஸ் இல்லை, 2023 முதல் 4வியில் மூன்று ஏபிஎஸ் மோடுகளும் வந்தன. ஹிமாலயன் 450இல் பின் ஏபிஎஸ்ஸை அணைக்கலாம். நீங்கள் பார்க்கும் மாடலில் என்ன என்று கேட்டு, ஓட்டியும் பாருங்கள்.

5. இப்போது எஞ்சின்

ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, பாலைவனத்தில் நடக்கும் டாக்கர் ராலி பந்தயத்தில் 2024இல் ராலி 2 பிரிவில் (முதன்மைப் பிரிவுக்கு அடுத்தது) முதலிடம் பிடித்தார். ஓட்டியது 450 சிசி ஷெர்கோ டிவிஎஸ். நம் பக்கத்து ஆள் ஒருவர் அங்கே ஜெயித்தது பெருமையான விஷயம். ஆனால் அதைப் பார்த்து 400, 450 சிசி தேடுகிறவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும்: அந்த எஞ்சின் பாலைவனத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் நாள் முழுக்க ஓட்டுவதற்கு. நம் ஒற்றையடிப் பாதையில் முதல் இரண்டு கியரில்தான் காலம் ஓடும்.

200 முதல் 250 சிசி வரை உள்ள ஒற்றை சிலிண்டர் எஞ்சின் போதும். எக்ஸ்பல்ஸ் 200 4வி 19 பிஎஸ் (குதிரைத்திறன்), கேஎல்எக்ஸ்230 18 பிஎஸ் சொச்சம். பிஎஸ்ஸைவிட, ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்ததும் எஞ்சின் திணறாமல் இழுக்கிறதா என்று பாருங்கள். முதல் கியரில் கிளட்ச்சை முழுக்க விட்டுவிட்டு, நடக்கும் வேகத்தில் வண்டி அணையாமல் ஊர்கிறதா? அதுதான் ட்ரெயில் எஞ்சின். சற்று உதறினால் கவலை வேண்டாம், முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் போட்டால் ஊர்தல் நன்றாக வரும். நெடுஞ்சாலையில் எஞ்சின் கொஞ்சம் அதிகமாகச் சுற்றும், அவ்வளவுதான்.

காற்றில் குளிரும் எஞ்சினா, ரேடியேட்டர் வைத்ததா? கற்கும் காலத்துக்கு எனக்குக் காற்றில் குளிர்வதே பிடிக்கும். விழும்போது உடைய ரேடியேட்டர் இல்லை, கிளை குத்திக் கூலன்ட் ஒழுகி நடுக்காட்டில் நிற்க வேண்டியதில்லை. 2025இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210 கூலன்ட் எஞ்சின், 24 பிஎஸ்ஸுக்கு மேல். நெடுஞ்சாலையில் முந்தையதைவிட நிம்மதியாகப் போகும். தினமும் ஆபீஸுக்கும் அதே வண்டிதான் என்றால் அதைப் பாருங்கள், ரேடியேட்டர் கார்டு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய யமஹா ஆர்எக்ஸை மாற்றி மண்ணில் ஓட்டும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அந்த டூ ஸ்ட்ரோக்கின் துள்ளலே தனி. ஆனால் பிரேக்கும் சஸ்பென்ஷனும் மண்ணுக்கானவை அல்ல. இன்று ஒரு நல்ல ஆர்எக்ஸுக்குக் கேட்கும் விலையில் நல்ல பழைய எக்ஸ்பல்ஸே கிடைக்கும்.

6. பணத்தைப் பிரியுங்கள்

கையில் இருக்கும் தொகை முழுவதையும் பைக்கில் போடாதீர்கள். குறைந்தது ஐந்தில் ஒரு பங்கைப் பாதுகாப்புச் சாமான்களுக்கும் டயருக்கும் முதலிலேயே எடுத்து வையுங்கள். வரிசை: ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கார்டு, கையுறை, காகிள்ஸ், மார்புக் கவசம். ஹெல்மெட் எப்படியும் வாங்குவீர்கள் என்பதால் பூட்ஸை அழுத்திச் சொல்கிறேன். வண்டி சாயும்போது கணுக்கால் அதன் அடியில் மாட்டுவதுதான் மண்ணில் அடிக்கடி நடப்பது. ட்ரெக்கிங் ஷூ, சேஃப்டி ஷூ எதுவும் அதைத் தாங்காது. முழங்காலுக்குக் கீழ் வரை வரும் விறைப்பான ஆஃப் ரோடு பூட்ஸ் வேண்டும்.

வரிக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 18%, அதற்கு மேல் 40%. முதல் வண்டி 200–250 சிசியில் இருக்கட்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர் சொல்லிக் கேட்டால் என் சிபாரிசு இப்படி: சராசரி உயரம், தினசரி உபயோகமும் உண்டு என்றால் எக்ஸ்பல்ஸ். ஹீரோ சர்வீஸ் சின்ன டவுனிலும் இருக்கிறது, லீவரும் கேபிளும் மலிவு. ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரம், மண்ணில்தான் பெரும்பாலும் ஓட்டுவேன், பக்கத்து நகரத்தில் கவாசாகி ஷோரூம் உண்டு என்றால் கேஎல்எக்ஸ்230. டேங்க் எட்டு லிட்டருக்குள்தான் என்பதை மறக்க வேண்டாம். 390 எண்டூரோ ஆரை இரண்டாவது பைக்காக நினையுங்கள்.

7. பழைய வண்டியை எப்படிப் பார்ப்பது

முதல் பைக் பழையதாக இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். விழுந்து கீறல் பட்டால் மனசு வலிக்காது. ஆனால் மண்ணில் அடிபட்ட வண்டியைப் பார்க்கும் கண் வேறு. ஓடோமீட்டரையும் பெயிண்டையும் விடுங்கள்.

முதலில் குனிந்து அடித்தட்டைப் பாருங்கள். கீறல் இருந்தால் பரவாயில்லை. எஞ்சின் கேஸில் வெல்டிங்கோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபில்டரை எடுத்துவிட்டு, எஞ்சினுக்குப் போகும் ரப்பர்க் குழாயின் உள்பக்கத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் நைசாக மண் ஒட்டினால், அந்த மண் எஞ்சினுக்குள்ளும் போயிருக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், இன்று தெரியாவிட்டாலும் சில மாதத்தில் நீலப் புகையாக வரும். இந்த ஒரு சோதனை, பழைய உரிமையாளர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பதை அவர் பேச்சைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்துங்கள். குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போயிருக்கிறது. அது சின்னச் செலவு. குழாயிலேயே நகம் தட்டும் அளவு கீறல் இருந்தால் புது சீலும் நிற்காது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாக இருபக்கமும் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் சிக்கி நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) தேய்ந்துவிட்டது.

ஸ்போக்குகளை ஒரு ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் முறுக்கலாம். வரிசையாக மந்தம் என்றால் ரிம் வளைந்திருக்க வாய்ப்பு உண்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பாருங்கள். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி ஸ்விங்ஆர்ம் ஆட்டத்தையும், செயின் ஸ்ப்ராக்கெட்டின் பல் கூர்ந்து வளைந்திருக்கிறதா என்பதையும், ஃபுட் ரெஸ்ட் பிடிப்பு வளைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டால் பெரும்பாலும் முடிந்தது.

காகிதங்கள்: ஆர்சியில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் என்ஓசி (தடையில்லாச் சான்று) இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பெங்களூரில் நிறைய நல்ல வண்டிகள் விற்பனைக்கு வரும். கர்நாடகப் பதிவு என்றால் அங்கிருந்து படிவம் 28இல் என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் பேரத்துக்கு முன்பே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் கத்தும் சைலன்சர் மாட்டியிருந்தால் ஒரிஜினலைக் கேட்டு வாங்குங்கள். கிராமத்து வழியே சத்தம் போட்டுப் போனால், உங்களுக்குப் பின்னால் வரும் எல்லோருக்கும் அந்தப் பாதை அடைபடும்.

8. நின்றுகொண்டு ஓட்டிப் பாருங்கள்

டெஸ்ட் ரைடில் உட்கார்ந்தே ஓட்டினால் பாதிதான் தெரியும். ஃபுட் ரெஸ்டில் எழுந்து நின்று இரண்டாவது கியரில் போங்கள். குனியாமல் ஹேண்டில் கைக்கு வருகிறதா? முழங்காலால் டேங்கை இறுக்க முடிகிறதா? நின்றபடியே பின் பிரேக் பெடல் காலுக்கு எட்டுகிறதா? குனிய வேண்டியிருந்தால் பத்து நிமிடத்தில் இடுப்பு பிடிக்கும்; ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் போட்டால் சரியாகும், விலை அதிகமில்லை. பிறகு முழு வளைவில் இரண்டு பக்கமும் எட்டு போடுங்கள். டர்ட் பைக் சுலபமாகத் திரும்ப வேண்டும், ஹேண்டில் டேங்கில் இடிக்கக் கூடாது.

வாய்ப்பிருந்தால் வாங்கும் முன்பே ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய் வாருங்கள். டாக்கர் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் தொடங்கிய பயிற்சித் தளம் கோலார் பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் வண்டியில் ஒரு நாள் விழுந்து எழுந்தால், எந்த உயரம், எந்த எடை உங்களுக்கு என்பது உடம்புக்கே தெரிந்துவிடும்.

9. வீட்டுக்கு வந்த வாரம்

மண்ணில் இறங்கும் முன் நாலு வேலை இருக்கிறது.

முதலாவது, சொல்லி வைத்த சஸ்பென்ஷன் அளவு. வண்டியை ஒரு பெட்டியின் மேல் நிறுத்திப் பின்சக்கரம் தொங்கும்படி வையுங்கள். சக்கர அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு டேப் துண்டு ஒட்டி, இடைப்பட்ட தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு ஏறுங்கள். ஒருவர் வண்டியைப் பிடிக்கட்டும், இன்னொருவர் அதே தூரத்தை அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு பக்கம் இருக்க வேண்டும். 170 மி.மீ. அசைவுள்ள எக்ஸ்பல்ஸில் 55 மி.மீ. ஒட்டி வரட்டும். அதிகம் அமுங்கினால் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவு) ஏற்றுங்கள், குறைவாக அமுங்கினால் இறக்குங்கள். கடைசி வரை ஏற்றியும் சரியாகவில்லை என்றால் ஸ்பிரிங் மாற்றுவது ஒன்றே வழி.

இரண்டாவது, லீவர்கள். நிற்கும்போது மணிக்கட்டு நேராக இருக்கும்படி கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். கிளாம்ப் போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்காமல், பலமாகத் தள்ளினால் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வண்டி விழும்போது லீவர் உடையாமல் சுழன்று கொடுக்கும். ஹேண்ட் கார்டும் அடித்தட்டும் இல்லை என்றால் இந்த வாரமே மாட்டிவிடுங்கள்.

மூன்றாவது டயர். ரோட்டுக்கு வைக்கும் காற்றோடு மண்ணில் இறங்கினால் வண்டி கல்லுக்குக் கல் துள்ளும். 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை குறையுங்கள். அதற்கும் கீழே போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிக் கிழியும். திரும்பி ரோடு ஏறும் முன் காற்றடிக்கக் கைப்பம்ப் ஒன்று பையில் இருக்கட்டும். கூடவே ஒரு முன்சக்கர ட்யூப், டயர் லீவர், கிளட்ச் கேபிள், உதிரி லீவர்கள், ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பழைய டயர் தேயும் வரை அதிலேயே பழகுங்கள், பிறகு பட்டன் டயர் போடலாம். நல்ல டயர் சறுக்கலை மறைத்துவிடும், சறுக்கலைக் கையாளத்தான் இப்போது கற்கிறீர்கள்.

நாலாவது, ஏர் ஃபில்டர். புழுதியில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் திறந்து பார்க்க வேண்டும். ஃபோம் வகை என்றால் கழுவிக் காயவைத்து எண்ணெய் பூசிப் போடுங்கள். காகித வகையைக் கழுவக் கூடாது, தட்டிப் பார்த்து அடைத்திருந்தால் புதிது மாற்றுங்கள். முன்னால் போகிற வண்டியின் புழுதிக்குள் ஒட்டிக்கொண்டே ஓட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போனால் ஃபில்டருக்கும் நல்லது, உங்கள் நுரையீரலுக்கும் நல்லது. முதல் மூன்று நாலு முறை தனியாகப் போக வேண்டாம். இன்னொரு வண்டியாவது கூட வரட்டும். எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மலைப் பக்கம் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.